எதிர்வலம் வந்த கை

மணலீசர் கோயில் நவக்கிரகச் சன்னதிக்குக் கம்பிக்கதவு போட்ட வருஷத்து ஐப்பசியில், எங்கள் திருமணல்வாயிலில் முதியவர்கள் சிலருடைய வலது கை மட்டும், மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை, இளமைக்குத் திரும்பியது. அந்த மாதத்தில் அடைமழை பெய்தது, கொலுப் பொம்மைகள் துணி சுற்றிக்கொண்டு பரணுக்கு ஏறின, துலா முழுக்குக்கு ஆற்றங்கரையில் கூட்டம் சேர்ந்தது, கைகளும் இளமையாயின. எங்கள் நினைவில் இவையெல்லாம் ஒரே கொடியில் காயப்போட்ட துணிகளாக இருக்கின்றன. ஒன்றை உருவினால் இன்னொன்றின் ஈரம் கையில் படுகிறது.

ஆடவல்லான் ஒரு கையில் உடுக்கை வைத்திருக்கிறான், ஒரு கையில் நெருப்பு வைத்திருக்கிறான், ஒரு கையால் அஞ்சேல் என்கிறான், ஒரு கையால் தூக்கிய திருவடியைக் காட்டுகிறான். மனிதருக்கு இரண்டே கை கொடுத்து, அதிலும் சோறு பிசைய ஒன்றைத்தான் பழக்கினான். அந்த ஒன்றும் வயதான காலத்தில் சொன்னபடி கேட்காமற்போனால் மனிதர் எங்கே போவது? எங்கள் ஊரில் பழைய கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்துக்குப் போனார்கள்.

மண்டபத்தில் கல்யாணங்கள் நின்றுபோய் நெடுநாள் ஆகியிருந்தது. நகராட்சி அதைச் சுண்ணாம்படித்து, பந்திக்கூடத்தில் முதியோர் கைப்பயிற்சி நிலையம் என்று பலகை மாட்டி, நாகப்பட்டினத்திலிருந்து ஜெசிந்தா என்ற இளம்பெண்ணைப் பயிற்சியாளராக அனுப்பியிருந்தது. எத்தனையோ பேர் இலை விரித்துச் சாப்பிட்ட அதே நீள மேசைகளில் இப்போது பொத்தான் மாட்டிய துணிகளும், திருகு மூடி போட்ட புட்டிகளும், பயறும் உளுந்தும் கலந்து பிரிப்பதற்கான கிண்ணங்களும் இருந்தன. சாம்பார் வாசனை மட்டும் சுண்ணாம்புக்கு அடியில் மிச்சமிருந்து, ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் வெளியே வந்து எங்களுக்குப் பசியை உண்டாக்கியது.

ஜெசிந்தாவிடம் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவி இருந்தது. அதிலிருந்து இரண்டு கம்பிகள் வரும். கம்பி முனையில் ஒட்டும் பட்டைகள். பட்டைகளை மணிக்கட்டில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் நரம்புக்குள் மெல்லிய மின்சாரம் ஓடும், எறும்பு ஊர்வது போலிருக்கும். ஆகவே அதற்கு எறும்புப் பெட்டி என்று பெயர் வந்தது.

“எறும்பு ஊருறப்பவே வேலையும் செய்யணும்மா,” என்பாள் ஜெசிந்தா. “கரண்ட் மட்டும் வச்சாப் போதாது. பயிற்சி மட்டும்னா மெதுவாத்தான் வரும். ரெண்டும் சேர்ந்தா நரம்பு கொஞ்சம் காது கொடுத்துக் கேக்கும்.”

“எங்க வீட்டுக்காரிக்கு ஒண்ணு காதுல ஒட்டி விடேன், புண்ணியமாப் போவும்,” என்பார் வைரக்கண்ணு. அவர் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர்.

பயிற்சிப் பொருள்களில் முதன்மையானது ஒரு மரப்பலகை. அதில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது குழிகள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஒன்பது சிறு குச்சிகள். ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் நடவேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போடவேண்டும். வேறு ஊர்களில் இது வெறும் பலகையாக இருந்திருக்கும். திருமணல்வாயிலில் பிறந்து வளர்ந்த கண்ணுக்கு, வரிசைக்கு மூன்றாக நிற்கும் ஒன்பது வேறொன்றாகத் தெரிய வழியில்லை. முதல் நாளே பலகையின் கீழ்த்திசை எது என்று கேள்வி வந்தது. நடுக்குழி சூரியன் என்று முடிவாயிற்று. நடுவில் நட்டபின் கிழக்கே சுக்கிரன், தென்கிழக்கே சந்திரன், தெற்கே செவ்வாய் என்று வலமாகவே நட்டார்கள், வலமாகவே பிடுங்கினார்கள். மேற்குக் குழியில் குச்சி சிக்கினால், சனி விடமாட்டேனென்கிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“எந்த வரிசைன்னாலும் ஒண்ணுதான் ஐயா. கை அசைஞ்சாச் சரி,” என்றாள் ஜெசிந்தா. அவள் கழுத்தில் சிலுவை கிடந்தது. ஆனாலும் காலையில் பலகையைத் துடைத்து வைக்கும்போது கிழக்குப் பக்கம் சரியாகக் கிழக்கே பார்க்கிறதா என்று அவளே பார்த்து வைக்கலானாள்.

அங்கே வந்தவர்களுள் தையல்நாயகி அம்மாளுக்குத்தான் கை மிக அவசரமாக வேண்டியிருந்தது. அவருடைய கணவர் அகோரமூர்த்தி, மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர். தையல்நாயகிக்குச் சொந்த அத்தை மகன். இரண்டு வருஷங்களாக அவருடைய நினைவு பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதலில் நேற்றைய நாள் போயிற்று, பிறகு ஓய்வு பெற்றது போயிற்று, பிறகு வெளிநாட்டில் இருக்கும் மகன் போனான். கடைசியில் அவர், கல்யாணமான புதிதில் ஒரு சிறிய ஸ்டேஷனின் ஓட்டு வீட்டில் குடியிருந்த இளைஞராகித் தங்கிவிட்டார். பசி வந்தால் அவர் உள்ளங்கையை நீட்டுவார். பிசைந்த சோற்றை உருட்டி அந்த உள்ளங்கையில் வைக்கவேண்டும். கரண்டியால் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வார். அந்தக் காலத்தில் தையல்நாயகி அப்படித்தான் அவருக்குச் சோறு போட்டிருந்தார்.

ஆனால் இப்போது தையல்நாயகியின் விரல்கள் மரத்து, நடுங்கி, உருண்டை உதிர்ந்து பாதி தரையில் விழுந்தது. அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. அந்தக் கையைக் கண்டதும் அகோரமூர்த்தி தம் கையை இழுத்துக்கொள்வார்.

“இந்தப் பெரியம்மா யாரு? தையு எங்க போனா? அவ வந்து போடட்டும்,” என்பார்.

“நான்தாங்க அத்தான்.”

“விளையாடாதீங்கம்மா. அவ கை எனக்குத் தெரியாதா?”

இப்படி அவர் இளைத்துக்கொண்டே வந்தார். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் வைத்து ஊட்டலாம் என்று சொல்லியிருந்தார். கணவர் தம் உள்ளங்கையில் சோற்றை வாங்கி உண்ணவேண்டும். தையல்நாயகிக்கு அது ஒன்றே வேண்டியிருந்தது.

அந்த ஐப்பசியில் ராகுவும் கேதுவும் அகோரமூர்த்தியின் ராசிக்கு நல்ல இடத்தில் இல்லை என்று சொன்னார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி ஒன்பது கோள்களையும் வலமாக ஏழு சுற்று வந்தபின், ராகு கேதுவுக்காக எதிர்வலமாக இரண்டு சுற்று வரவேண்டும். அவ்விருவரும் வானத்தில் பின்னோக்கி நடப்பவர்கள் அல்லவா? தையல்நாயகி அப்படிச் சுற்றுவதாக நேர்ந்துகொண்டார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை; மழையில் பிராகாரம் வழுக்கியது; சன்னதிக்கோ புதுக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை, எறும்பு மணிக்கட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, அவர் தம் நேர்த்திக்கடனைப் பலகையில் செலுத்தினார். ஏழு முறை வலமாக நட்டுப் பிடுங்கினார். பிறகு கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, வடகிழக்கில் தொடங்கி வடக்கு, வடமேற்கு என்று இரண்டு முறை எதிர்வலமாக நட்டுப் பிடுங்கினார்.

கண்ணைத் திறந்தபோது கிண்ணத்தின் மேல் இருந்த கை நாற்பது வயதுக் கையாக இருந்தது.

“நகம் நல்லா இருக்கேம்மா,” என்றாள் ஜெசிந்தா. பட்டையை உரித்தாள். பட்டை ஒட்டியிருந்த இடத்தில், சேலைக்கும் கரைக்கும் நடுவே இருப்பதுபோல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே சுருக்கம், கோட்டுக்குக் கீழே இல்லை. தையல்நாயகி குச்சிகளை ஒரு நொடியில் அள்ளிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, குடையை அந்தக் கையாலேயே விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் குடையைத் தாமே விரித்ததுதான் தெருவில் முதலில் பேச்சாயிற்று.

அன்றைக்கும் அகோரமூர்த்தி உண்ணவில்லை. ஆனால் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தையுவோட அம்மா வந்திருக்காங்களா?” என்றார். தையல்நாயகிக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் மீண்டும் போய் எதிர்வலமாகச் சுற்றினார். அதற்கு மறுநாளும் போனார். கை இருபத்து மூன்று வயதுக்கு வந்த நாளில், அவர் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, உருட்டி, நீட்டிய உள்ளங்கையில் வைத்தார். அகோரமூர்த்தி அந்தக் கையின் சுண்டுவிரலைத் தம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“ஏன் தையு இவ்வளவு நேரம்? பாசஞ்சர் போயிடுச்சா?”

“போயிடுச்சுங்க அத்தான். நீங்கதானே கொடி காட்டினீங்க.”

அவர் மூன்று வேளையும் உண்டார். அவர் தையல்நாயகியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை, கையோடுதான் பேசினார். தையல்நாயகியும் முகத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, கையை மட்டும் முன்னால் அனுப்பக் கற்றுக்கொண்டார்.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதத்தை இப்போது நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது. முதலில் நியாயவிலைக் கடையில் பயன் தெரிந்தது. கைரேகை தேய்ந்துபோனதால் எந்திரம் ஏற்காமல், பல மாதங்களாகச் சர்க்கரையும் பாமாயிலும் வாங்க முடியாமல் திரும்பிக்கொண்டிருந்த முதியவர்கள் பந்திக்கூடத்துக்கு வந்து எதிர்வலமாகச் சுற்றிவிட்டுப் போய் விரலை வைத்தார்கள். எந்திரம் ஒரே அழுத்தில் வாழ்த்துச் சொன்னது. “ஆளு பென்ஷன் வாங்குது, கட்டைவிரல் காலேஜ் படிக்குது போல,” என்று கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே சர்க்கரை நிறுத்தாள். வங்கியில், பழைய கையெழுத்து மாறிப்போனதாகத் திருப்பப்பட்ட படிவங்கள் எல்லாம் ஒத்துப்போயின. வளையல்காரர் ஒரே பெண்மணிக்கு இடக்கைக்கு ஓர் அளவும் வலக்கைக்கு ஓர் அளவும் எடுத்து வைத்தார். கூடுதலாக ஒன்றும் வாங்கவில்லை.

சந்தேகம் வந்தது கோயிலில்தான். இளைய கையில் திருநீறு வாங்கலாமா, அது அந்தக் கைக்கு உரியவருக்குச் சேருமா என்று சிலர் கேட்டார்கள். ஞானஸ்கந்த குருக்கள் தட்டை ஏந்தியபடி சற்றே யோசித்தார்.

“கைக்கு என்ன வயசுன்னு சுவாமி கேட்டதா எனக்குத் தெரியல. நீட்டறதான்னுதான் பார்க்கறார். நகருங்கோ, பின்னால கூட்டம் நிக்கறது,” என்றார்.

அன்றிலிருந்து சுவாமி சன்னதியில் ஒரு காட்சி. தீபம் காட்டும்போது, குனிந்த முதுகுகளுக்கும் நரைத்த தலைகளுக்கும் மேலே, வாலிபக் கைகள் கூட்டமாக எழும்பின. அந்தக் கைகள் தங்கள் தங்கள் காலத்தைக் கூடவே கொண்டுவந்திருந்தன. ஒருத்தி கையில் மண்ணெண்ணெய் அடுப்பின் திரி வாசனை வீசியது. ஒருவர் நடுவிரலில் பேனா மசி கசிந்த நீலம், எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. ஒருவர் கை, எதிரே யார் வந்தாலும், என்றைக்கோ விட்டுப்போன நண்பனின் தோளைத் தேடிக்கொண்டு தானாக உயர்ந்தது. நாங்கள் மாலையில் மண்டபத்துப் படிகளில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து, எங்கள் கைகளை மடியில் வைத்து, பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவற்றுக்கு இனி என்னென்ன நேரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும், அவற்றுக்குத் தெரியாது.

வைரக்கண்ணுவின் கை இருபத்தைந்து வயதில் நின்று, ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டது, காற்றில் டிக்கெட் கிழித்தது, தேநீர்க்கடையில் கூட்டம் சேர்ந்தால் “உள்ள போ, உள்ள போ” என்று முதுகுகளைத் தள்ளியது. ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் பத்து நாளில் அவர் முகம் வாடிப் பந்திக்கூடத்துக்கு வந்து நின்றார்.

“ஜெசிந்தாம்மா, இத பழையபடி ஆக்கிவிடு.”

“ஏன் ஐயா, நல்லாத்தானே இருக்கு?”

“நான் பீடிய விட்டு இருபது வருஷம் ஆச்சு. இந்தப் பயலுக்குத் தெரியமாட்டேங்குது. நான் அசந்த நேரம் பெட்டிக்கடையில கைய நீட்டிடறான். நேத்து எங்க வீட்டுக்காரி மேல ஓங்கப் பார்த்தான். அந்தக் காலத்துல ஓங்கின கைதான்... அவ ஒதுங்கி நின்னா. இத்தன வருஷம் கழிச்சு அவ ஒதுங்குறத நான் பாக்கணுமா?”

எறும்பை ஊரவிட்டு அவர் வலமாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கை முதிர்ந்தது. நரம்புகள் புடைத்து, தோல் தளர்ந்து, கை தன்னுடையதானபோது, அவர் அதை இடக்கையால் தட்டிக்கொடுத்து, “வா, வா, இப்பத்தான் நீ நல்லவன்,” என்றார். வலமாகச் சுற்றினால் திரும்பி வரலாம் என்பது இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. நியாயவிலைக் கடையில் வேலை முடிந்தவர்களும், இளைய கையின் ஆசைகளால் களைத்தவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கார்த்திகை பிறந்தபோது தையல்நாயகியின் கை ஒன்றே திரும்பாமல் இருந்தது.

அது திரும்ப முடியாது. ஏனென்றால் அகோரமூர்த்தி அங்கே நின்றுகொண்டிருக்கவில்லை.

ஒருநாள் அவர் இருபத்து மூன்று வயதுக் கையை உதறினார். ஸ்டேஷன் போய்விட்டது, கல்யாணம் போய்விட்டது. தையல்நாயகி பந்திக்கூடத்துக்கு ஓடினார். எதிர்வலமாகச் சுற்றியபோது கல்யாண நாளைக் கடந்த கை, உள்ளங்கையில் மருதாணி வட்டத்தோடும் விரல்நுனிகளில் தொப்பியோடும் சிவந்து கிடந்தது. மறு சுற்றில் அது வெளுத்து மறைந்தது. பதினான்கு வயதுக் கையை அகோரமூர்த்தி ஏற்றுக்கொண்டார். சில நாளில் அதையும் விட்டுப் போனார். பன்னிரண்டில், புளியமரத்திலிருந்து விழுந்து சிராய்த்த காயம் இன்னும் ஆறாமல் எரிந்தது. ஒன்பதில், வளையல் கழன்று சோற்றுக்குள் விழுந்தது. அவர் போகப்போக இவரும் போனார். முன்னால் நடப்பவர் திரும்பிப் பாராமல் நடக்க, பின்னால் வருபவர் நிழலை மட்டும் மிதித்துக்கொண்டு வருவதுபோல.

ஏழு வயதுக் கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை. இடக்கை குழைத்து வைக்க, வலக்கை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி வைத்தது. அவர் அதை உண்ணாமல் அந்தச் சிறு கையில் கூழாங்கற்களை வைத்து, “உன் ஆட்டம் தையு,” என்று விளையாடக் கூப்பிட்டார். விளையாட்டு முடிந்தால் இரண்டு உருண்டை உண்பார். வாரம் ஒன்றில் அதுவும் இல்லை. ஒன்றரை வயதுக் கை குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் வாய்க்குக் கொண்டுபோயிற்று. ஜெசிந்தா குனிந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“போதும்மா. இதுக்கு மேல வேணாம்.”

“இன்னும் ஒரு சுத்து, கண்ணு. அவரு தொட்டில்கிட்ட நிக்கிறாரு. எனக்குத் தெரியுது.”

“அதுக்கு அந்தாண்ட ஒரு சுத்து சுத்தினா என்ன இருக்கும் சொல்லுங்க? கையே இருக்காதும்மா.”

வைரக்கண்ணு தம் மேசையிலிருந்து எழுந்து வந்தார். அன்று அவர் வேடிக்கை ஒன்றும் பேசவில்லை. “அக்கா, அவரு ஒங்களுக்கு நாலு வயசு மூத்தவரு. நீங்க பொறக்காத நாலு வருஷம் அவருக்கு இருக்கு. அங்க போயிட்டாருன்னா நீங்க எந்தக் கையோட போவீங்க?”

தையல்நாயகி இடக்கையை நீட்டிக் குச்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஜெசிந்தாவின் விரல்களைத் தம் சின்னஞ்சிறு விரல்களின் மேல் வைத்துக்கொண்டு, மெதுவாக, கடைசியாக ஒரு சுற்று எதிர்வலமாகச் சுற்றினார். கை பிறந்து சில நாளே ஆன கையாயிற்று; சிவந்து, சுருண்டு, மூடிய முஷ்டியாயிற்று. அதைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மழை விட்டிருந்தது. தெருவில் நாங்கள் வாசல்களில் நின்றோம், யாரும் கூப்பிடவில்லை.

அகோரமூர்த்தி கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலையிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

“மாமா வீட்டுல பாப்பா வரப்போவுதாம்,” என்றார் அவர், அறைக்கு வந்த முதியவளைப் பார்த்து. “இன்னும் வரல.”

தையல்நாயகி அப்படியே நின்றார். வைரக்கண்ணு சொன்ன இடத்துக்கு அவர் போய்விட்டார். இவர் பிறந்த நாளுக்கும் முந்தின நாளில், இவர் இல்லாத உலகத்தில், கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் மணிக்கட்டோடு எல்லாம் முடியும். சுற்றாவிட்டால் அவருக்கு இவர் யாருமில்லை. அந்த நொடியில் அம்பிகையை வேண்டினாரா, வேண்ட மறந்தாரா என்பது தமக்கே தெரியாது என்று தையல்நாயகி பின்னாளில் சொன்னார். கைக்குட்டையை அவிழ்த்தார். முஷ்டியை அகோரமூர்த்தியின் விரலருகே கொண்டுபோனார். பிறந்த குழந்தையின் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். விரல் பட்டதும் அது பற்றிக்கொண்டது.

அகோரமூர்த்தி கால் ஆட்டுவதை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். விரலை இழுத்துப் பார்த்தார், அது விடவில்லை.

“வந்துடுச்சு!” என்று கூவினார். “அம்மா, மாமாவுக்குப் பாப்பா வந்துடுச்சு! என் விரலப் புடிச்சுக்கிச்சு!”

அவர் ஒரு நாள் முன்னோக்கி வந்திருந்தார். இரண்டு வருஷங்களில் அவர் முன்னோக்கி வைத்த முதல் அடி அது. அதை அறிந்த மாத்திரத்தில், இத்தனை நாளும் அவர் பின்னாலேயே ஓடிய தையல்நாயகி, ஓட்டத்தை நிறுத்தினார். வாசலுக்கு வந்து, எங்களைப் பார்த்து, “அந்தப் பலகையக் கொண்டாரச் சொல்லுங்க. பெட்டியையும்,” என்றார்.

வைரக்கண்ணு பலகையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார். ஜெசிந்தா எறும்புப் பெட்டியோடு வந்தாள். பலகையைக் கட்டிலில் வைத்துக் கிழக்குப் பார்த்துத் திருப்பினாள். அந்தச் சின்ன மணிக்கட்டுக்கு ஏற்றபடி பட்டையைக் கத்தரித்து ஒட்டினாள். ஆனால் பிறந்த குழந்தையின் கையால் குச்சியை எப்படி நடுவது? நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தையல்நாயகி முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்:

“மூர்த்தி, பாப்பாவுக்கு விளையாடச் சொல்லிக்குடுப்பா.”

கணவரைப் பெயர் சொல்லி அவர் அழைத்தது அந்த ஒரே முறைதான்.

அகோரமூர்த்தி ஒரு குச்சியை எடுத்தார். சிறிய முஷ்டிக்குள் அதைச் செருகினார். முஷ்டியைத் தம் கைக்குள் பொதிந்துகொண்டார். இரண்டு கைகளும் ஒரே கையாகச் சென்று நடுக்குழியில் குச்சியை நட்டன. பிறகு கிழக்கே, தென்கிழக்கே, தெற்கே என்று வலமாக. யாரும் அவருக்குத் திசை சொல்லவில்லை. அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தானே.

நாள்தோறும் காலையில் அப்படி நடந்தது. கை அவருடைய கைக்குள்ளேயே வளர்ந்தது. கூழாங்கல் வயது வந்தபோது கல் விளையாடினார்கள். புளியமரத்துக் காயம் மீண்டும் வந்தபோது அவர் அதை ஊதினார். மருதாணி சிவந்து மலர்ந்த காலையில் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “நல்லாப் பத்தியிருக்கு,” என்றார். பிள்ளை பெற்ற வருஷத்தில் பூண்டு வாசனை, அவர் அம்மா இறந்த வருஷத்தில் தர்ப்பை கட்டிவைத்த கைச்சூடு, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய நாளில் வெறுமனே ஆட்டி ஆட்டி ஓய்ந்த கனம், எல்லாம் அந்தக் கைக்குள் வந்து, அவருடைய கைக்குள் கடந்தன. அவர் எதையும் நினைவுகூர்ந்து சொல்லவில்லை. ஆனால் பிடியை விடவில்லை. ஒவ்வொரு நாளும் தையல்நாயகி வைத்த சோற்றை வாங்கி உண்டார்.

மார்கழி பிறக்கவிருந்த காலையில் ஒரே ஒரு சுற்றுத்தான் மிச்சமிருந்தது. அது முடிந்தால் கை பழைய கையாகிவிடும். மரத்து, நடுங்கி, அவர் முன்பு உதறித்தள்ளிய அந்தப் பெரியம்மாவின் கையாகிவிடும்.

“இங்கேயே நிறுத்திடலாமாம்மா?” என்று ஜெசிந்தா மெல்லக் கேட்டாள். “இந்தக் கை நல்லாத்தான் வேலை செய்யுது.”

“மணிக்கட்டுக்கு மேல நானும் இருக்கேனே கண்ணு,” என்றார் தையல்நாயகி. “எத்தன நாளைக்கு முந்தானைக்குள்ள இருக்கிறது?”

அவர் சுற்றினார். வடகிழக்குக் குழியில் கடைசிக் குச்சி இறங்கியது. ஜெசிந்தா பட்டையை உரித்தபோது மணிக்கட்டில் கோடு இல்லை. கை தள்ளாடியது. அவர் முந்தானையை முகத்திலிருந்து விலக்கினார். தட்டில் சோற்றைப் பிசைந்தார், உருட்டினார். தூக்கும்போதே அது உதிரத் தொடங்கியது. நாங்கள் வாசற்படியில் நின்றோம். வைரக்கண்ணு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அகோரமூர்த்தி நீட்டியிருந்த தம் கையைப் பார்த்தார். அதன்மேல் வந்து நடுங்கும் கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கை எந்த உடம்பிலிருந்து வருகிறது என்று பார்ப்பவர்போல, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி, நெடுங்காலத்துக்குப் பின் முதன்முறையாக, முகத்துக்கு வந்தார். பெயர் எதுவும் அவர் வாயில் வரவில்லை.

“இப்படி நடுங்குதே,” என்றார். “நீ இன்னும் சாப்பிடலையா?”

அவர் தட்டைத் தம் பக்கம் இழுத்தார். பருப்பும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, அழுத்தி ஓர் உருண்டை உருட்டினார். தையல்நாயகியின் உள்ளங்கையைத் திருப்பி, அதற்கு அடியில் தம் இடக்கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டு, அதன் நடுவில் சோற்றை வைத்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.